கால் எரிச்சலுக்கு மாத்திரையும் தியானமும் என்று விற்கிறார்கள், உஷார்! ரூ.18,500 போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதமெல்லாம் எரிச்சல், மதமதப்பு. ராத்திரி போர்வை பட்டால்கூடத் துடித்துப்போவார். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, சத்து மாத்திரை விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்கு எண்ணைக் கொடுத்தோம். 3 மாதத்துக்கு மாத்திரை, கூடவே தினமும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற தியான வகுப்பு. ரூ.18,500.

பேசிய பெண் முதலில் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அம்மா, செருப்பு கழன்றது தெரியாமலே நடந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். இத்தனை வருடத்தில் யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லையாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பணம் கட்டினோம். நரம்பு புதுசாக வளரும், டாக்டர் கொடுத்த நரம்பு வலி மருந்தான ப்ரீகாபலினையே நிறுத்திவிடலாம் என்றார்கள். நல்லவேளை, அம்மா நிறுத்தவில்லை.

வகுப்பு என்று வந்ததெல்லாம் ஏற்கெனவே பதிவு செய்த வீடியோ. எரிச்சல் கூடுகிறதே என்றால் "கழிவு வெளியேறுது" என்றார்கள். அப்புறம் "அம்மா மனசு ஒன்றி உட்காரலை" என்றார்கள். வலியில் தூங்காத மனுஷியிடம் சொல்லும் பேச்சா இது? ரூ.18,500-ஐத் திருப்பிக் கேட்டதும் "டப்பாவைப் பிரிச்சிட்டீங்க", "அந்த மேடம் வேலையை விட்டுட்டாங்க". கடைசியில் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

டப்பா ஓரத்தில் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது! அதில் வைட்டமின் பி6 ரொம்ப அதிகம் என்று எங்கள் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அளவுக்கு மீறி நாள்பட எடுத்தால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு வைட்டமின் பி12 குறைவு, அதனாலும் பாதம் எரியலாம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறைவு வருவதுண்டு. அதற்கான மாத்திரை மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது. மூச்சைக் கவனித்து உட்காருவதை நான் குறை சொல்லவில்லை, வலியைத் தாங்க அது சிலருக்கு உதவும். அதைக் காட்டி நரம்பு வளரும் என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

சரி, சொல்கிறேன் என்றது இதுதான். டாக்டர் கொடுத்த மருந்தை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். பி12 பாருங்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அங்கே புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ரூ.18,500-க்கு இன்னும் பதில் இல்லை.