தடைக்காலத்துக்கு எந்த ஆட்டம்: செகிரோவா, எல்டன் ரிங்கா, டார்க் சோல்ஸா?

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். கிழிந்த வலையைச் சரிபார்க்கிற வேலை முடிந்ததும் பாம்பனில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் பழைய பிஎஸ்4 வீடியோ கேம் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார் மச்சான். "மாப்ள, இதுல எது ரொம்ப கஷ்டமோ அதைப் போடு" என்றார் போன தடைக்காலத்தில்.

எதைப் போடுவது? மூன்றும் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பான் நிறுவனம் செய்தவை, மூன்றிலும் இயக்குநராக ஹிடெடகா மியாசாகியின் பெயர் இருக்கிறது, மூன்றிலும் செத்துச் செத்துத்தான் பிழைக்க வேண்டும். ஆனால் தோற்ற பிறகு எதை மாற்றிக்கொள்ள விடுகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று ஆகாது. நான் அதை வைத்துத்தான் கஷ்டத்தை அளக்கிறேன்.

2019 மார்ச்சில் வந்த செகிரோவில் பில்ட், அதாவது நம் ஆளை நம் விருப்பப்படி வளர்த்து ஆயுதம் பொருத்துவது, என்ற பேச்சே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வாள். உயிர் கூட வேண்டுமா, ஜெபமாலை மணி நான்கு சேர்க்க வேண்டும். அடி பலக்க வேண்டுமா, பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒன்றைக் கொன்று அதன் நினைவைக் கொண்டுவர வேண்டும். செயற்கைக் கையில் பட்டாசு, கோடரி என்று சில கருவிகள் உண்டு. அவை உதவும், காப்பாற்றாது. சின்ன எதிரிகளை நூறு தடவை வெட்டி லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம் என்கிற குறுக்குவழி ஆட்டத்தின் பெரும்பகுதியில் அடைபட்டிருக்கிறது. மாற வேண்டியது நம் விரல்தான்.

அதிலும் அந்தச் சிவப்பு எழுத்து இருக்கிறதே! அது மின்னினால், சும்மா தடுத்து நிற்க முடியாத அடி வருகிறது என்று அர்த்தம். ஈட்டிக் குத்து என்றால் பின்வாங்காமல் அதை நோக்கியே பாய்ந்து ஈட்டியை மிதிக்க வேண்டும். காலை வாரும் வீச்சு என்றால் குதிக்க வேண்டும். பிடிக்க வந்தால் விலக வேண்டும். மூன்றுக்கும் ஒரே எழுத்து. எது வருகிறது என்பதை எதிரியின் தோளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டை உச்சியில் நிற்கும் பாஸ் கெனிச்சிரோவிடம் மச்சான் இரண்டு சாயங்காலம் செத்தார். உப்புக்காற்றில் என் கன்ட்ரோலரின் எல் 1 பட்டன் வேறு ஒட்டிக்கொண்டு தாமதமாகத்தான் மேலே வரும். வாளால் தட்டிவிடுகிற பட்டனே அதுதான். அவருடைய பாதிச் சாவுக்கு அந்தப் பட்டன் பொறுப்பு. மூன்றாம் நாள் ஏதோ பிடிபட்டது. கெனிச்சிரோ போனபிறகு, முன்பு பாடாய்ப்படுத்திய ஆட்களெல்லாம் அவருக்குத் தூசி.

2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் இதற்கு நேர் எதிர். உயிர், பலம் என்று புள்ளி போட்டு ஏற்றுகிற எட்டு ஸ்டாட், பத்து ஆரம்ப வகுப்பு, கணக்கில்லாத ஆயுதங்கள். முதல் வெளியிலேயே குதிரைவீரன் ஒருவன் வெட்டிப் போடுவான். பரவாயில்லை, விட்டுவிட்டு வேறு பக்கம் போய் வளர்ந்து வரலாம். சாம்பலிலிருந்து ஆவிகளைத் துணைக்குக் கூப்பிடலாம். மிமிக் டியர் என்ற ஆவி கிடைத்தால் நம்மைப் போலவே இன்னொருவன் கூட நின்று அடிப்பான். எடுத்த பில்ட் சரியில்லையா, ரென்னலா என்ற பாஸைத் தோற்கடித்த பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போடலாம்.

அதற்காக எல்டன் ரிங் சுலபம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே கஷ்டம் கணக்கில் ஒளிந்திருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாப் புள்ளியையும் அடிக்கிற பலத்தில் கொட்டிவிட்டு, உயிருக்கான ஸ்டாட்டான விகரைப் பட்டினி போடுவார்கள். விகர் 40-இல் உயிர் 1450, 60-இல் 1900. அதற்கு மேல் 99 வரை 39 லெவல் கொட்டினாலும் கூடுவது வெறும் 200. ஆகவே 60 வரை போவது புத்திசாலித்தனம், அதைத் தாண்டுவது வீண்செலவு. மச்சான் எடுத்தது பெரிய வாள். இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 54 வைத்திருந்தாலே 81-க்குச் சமம். மிச்சப் புள்ளியை உயிருக்குப் போடலாம். நான் ரத்தம் கொட்டவைக்கும் பில்ட். எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கை அப்படியே பிய்த்துவிடும் என்பதால் பெரிய உடம்புக்காரர்களிடம் கொண்டாட்டம். கடைசி பாஸாக வரும் எல்டன் பீஸ்டுக்கு ரத்தமே கிடையாது என்று தெரிந்தபோது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் மலேனியா என்ற பாஸ். அவளுடைய அடி நம்மேல் பட்டால், கேடயத்தில் பட்டால்கூட, அவளுக்கு உயிர் ஏறும். கேடயத்துக்குப் பின்னால் பதுங்கும் பில்ட் அங்கே அவளுக்குச் சோறு போடுகிற பில்ட். அமைதியானது என்பதால் பெண்கடல் என்று பேர் வாங்கிய எங்கள் வடகடல், வாடை அடிக்கிற மாதங்களில் எப்படி மாறும் என்று தெரிந்தவர் மச்சான். அவளிடம் வந்தபிறகுதான் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

2011-இல் வந்த முதல் டார்க் சோல்ஸ், பில்டைத் தரும், திருத்த விடாது. நான் முதலில் ஆடியது இதைத்தான். ரெசிஸ்டன்ஸ் என்று ஒரு ஸ்டாட். பேரைப் பார்த்தால் பெரிய காவல் மாதிரி தெரிந்தது. புள்ளி புள்ளியாக அதில் போட்டேன். அந்த ஆட்டத்திலேயே உதவாக்கரை அதுதான் என்று தெரிந்தபோது பிரித்துப் போட வழியே இல்லை. பாலத்து டிராகனின் வாலை அம்பால் அறுத்து வாங்கும் ட்ரேக் வாளும் அதே கதை. ஆரம்பத்தில் ராஜா. நம் ஸ்டாட் ஏறினாலும் அதன் அடி ஏறாது, போகப்போகச் சவலைப்பிள்ளை. சண்டை என்று பார்த்தால் மூன்றில் இதுதான் நிதானம். எடை மட்டும் கவனம்: சுமை, தாங்கும் அளவில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் அடிக்குத் தப்புகிற உருளல் வேகம், 50-ஐத் தாண்டினால் மூட்டை.

இதே மாதிரி கஷ்டமான இன்னொரு ஆட்டம் நியோ 2 பற்றியும் கேட்பார்கள். சண்டை பிரமாதம், ஆனால் சாமான் பொறுக்கிப் பொறுக்கி, எதை வைப்பது எதை விற்பது என்றே பாதி ராத்திரி போகும். எனக்குச் சரிப்படவில்லை.

ராத்திரி ஒரு மணிநேரம்தான் கிடைக்கும் என்கிறவருக்கு நான் செகிரோவைத்தான் சொல்வேன்; எங்கே போவது, எதைப் போடுவது என்று யோசிக்காமல் விட்ட இடத்தில் விரலை வைக்கலாம். இரண்டு மாதம் முழுசாக இருக்கிறதா, எல்டன் ரிங். டார்க் சோல்ஸ் தொடங்குவதாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

தடை முடிந்து மச்சான் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். மலேனியா இன்னும் நிற்கிறாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "என் ஃபைல்ல கை வைக்காத மாப்ள. அந்தப் பட்டனை மட்டும் மாத்தி வை."