14,500 ரூபாய் போச்சு: எடியஸ்ல இருந்து டாவின்சிக்கு மாறப்போறவங்க இதைப் படிச்சிட்டு மாறுங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் முழுசா உறைச்சது. 14,500 ரூபாயும் போச்சு, பன்னெண்டு நாள் உக்காந்து வெட்டின வேலையும் போச்சு.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். சின்ன ஊர், சின்ன ஸ்டுடியோ. பதிமூணு வருஷமா எடியஸ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்லதான் பொழப்பு. எந்தக் காப்பியை வச்சு ஓட்டினேன்னு கேக்காதீங்க, இனிமேலாவது ஒரிஜினல்தான்னு முடிவு பண்ணித்தான் இந்தக் காசையே எடுத்தேன். அதான் வயித்தெரிச்சல்.

வைகாசில ஒரு கல்யாணம். கேமராக்காரத் தம்பி புது சோனி ஏ7 ஃபோர் கொண்டுவந்து மொத்தத்தையும் 4:2:2 10-பிட்ல, அதாவது கலர் விவரம் அதிகமா இருக்கிற கனமான ஃபைலா, எடுத்துத் தந்துட்டான். என்னோட எட்டாம் தலைமுறை ஐ7 மிஷின்ல அது நகரவே மாட்டேங்குது. கலரும் நல்லா வரும்னு சொன்னாங்களேன்னு டாவின்சி ரிசால்வ்ங்கிற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவசப் பதிப்பை இறக்கிப் போட்டேன். சத்தம் மட்டும் வருது, படம் இல்ல. கெட்டிமேளம் கேக்குது, தாலி கட்டுறது தெரியல. விண்டோஸ்ல இந்த வகை ஃபைலுக்கு ஸ்டுடியோங்கிற காசு கட்டுற பதிப்பு வேணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அதோட விலை 295 டாலர், ஒரு தடவை கட்டினா போதும். நம்ம காசுக்கு இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல.

ஆடி பொறந்தது. முகூர்த்தம் இல்லாத மாசம். பாக்கி வேலையை முடிக்கவும் புதுசு எதையாவது கத்துக்கவும் எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு மாசம்தான். அப்பத்தான் வீடியோகிராபர்கள் இருக்கிற ஒரு குரூப்ல அந்த விளம்பரம் வந்தது. ஸ்டுடியோ பதிப்போட ஒரிஜினல் கீ (லைசென்ஸ் நம்பர்), எடியஸ்ல பண்ணின பாட்டு ப்ராஜெக்ட் எல்லாம் அப்படியே ரிசால்வுக்கு மாத்தித் தரப்படும், ஒரு வருஷம் சப்போர்ட், எல்லாம் சேர்த்து 14,500.

பாதி விலைக்கு எப்படின்னு கேட்டேன். "அண்ணா, டாவின்சி கம்பெனியோட கேமரா வாங்கினா கீ சும்மா வரும்ணா. கேமரா வாங்குறவங்க எல்லாம் எடிட் பண்றதில்ல, அவங்ககிட்ட வாங்கித் தர்றோம்"னு சொன்னான். கேமராவோட கீ வர்றது நெஜம், எனக்கே தெரியும். அந்த ஒரு உண்மையை முன்னாடி வச்சுத்தான் மிச்சப் பொய்யை எல்லாம் வித்திருக்கான்.

தூரத்துல இருந்தே நம்ம கம்ப்யூட்டரை இயக்குற எனிடெஸ்க் ஐடி கேட்டான், அனுப்பினேன். என் திரையில மவுஸ் தானா ஓடுது. அரைமணி நேரத்துல எல்லாம் ஏத்தி, கீ போட்டு, என் ஃபைலையே எடுத்துத் திறந்தான். படம் வந்துடுச்சு. தடுக்கித் தடுக்கித்தான் ஓடுச்சு, உடனே ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், போட்டுக் காட்டினான், வழுக்கிக்கிட்டுப் போச்சு. அடுத்து ரிசப்ஷன்ல லைட் கம்மியான இடம் ஒண்ணு, பொண்ணோட அப்பத்தா பின்வரிசை நாற்காலில உக்காந்திருக்கும், முகம் முழுக்கப் புள்ளி புள்ளியா நாய்ஸ். அதுல நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டான். புள்ளி எல்லாம் அடங்கி, அந்தக் கெழவி மூக்குத்தி பளிச்சுன்னு தெரிஞ்சுது. எம்பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏங்க, நல்லாத்தாங்க இருக்கு"ன்னா. அந்த நிமிஷம் ஸ்கேன் பண்ணி 14,500 அனுப்பிட்டேன். பில் கேக்கணும்னுகூடத் தோணல. மூக்குத்தி தெரிஞ்சுதே, அது போதும்னு இருந்துட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சுது. அவன் டெமோ காட்டினது எச்டி டைம்லைன். நான் 4கே-ல வச்சு அதே நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) மெமரி ஃபுல்லுன்னு வந்து நின்னுடுது. என்கிட்ட இருக்கிறது 4 ஜிபி கார்டு. எடியஸ் பெரும்பாலும் ப்ராசசரை வச்சே ஓடிடும், ரிசால்வுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் சோறு. காசு வாங்குறதுக்கு முன்னாடி "இந்த மிஷின் தாராளம்ணா"ன்னவன், அப்புறம் "புது கார்டு போடுங்க ப்ரோ"ன்னான். கவனிச்சீங்களா, அண்ணா ப்ரோ ஆயிட்டேன்.

பாட்டு ப்ராஜெக்ட் கதை இன்னும் மோசம். எடியஸ் ப்ராஜெக்ட்டை ரிசால்வ் நேரடியாத் திறக்காது. ஏஏஎஃப்னு ஒரு பரிமாற்ற ஃபைல் எடுத்துக் கொண்டுபோகலாம், ஆனா போறது பெரும்பாலும் வெட்டு மட்டும்தான். லேஅவுட்டர்ல (எடியஸ்ல படத்தை நகர்த்த, பெருசாக்குற கருவி) பண்ணினது, டைட்டில், சுத்துற ஹார்ட்டு, பறக்கிற இறகு எதுவும் கூட வராது. (சுத்துற ஹார்ட்டு எனக்கும் புடிக்காது, ஆனா காசு குடுக்கிறவங்களுக்குப் புடிக்குதே.) இதை எவனாலயும் அப்படியே மாத்தித் தர முடியாது. தெரிஞ்சேதான் வித்திருக்கான்.

சரி, தொலையட்டும்னு புதுசாவே வெட்ட ஆரம்பிச்சேன். நாலு பாட்டு முடிச்ச பிறகுதான் பாக்குறேன், ப்ராஜெக்ட்டை செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல போட்டு வச்சிருக்கான். நம்ம எடுக்கிறது 25. கேமரா மணவறையில இருந்து மெதுவா திரும்புற இடத்துல எல்லாம் படம் ஒரு துள்ளு துள்ளுது. ஃபைலை உள்ளே போட்டுட்டா அந்த ஃப்ரேம் ரேட்டை மாத்த விடாது. புதுசா 25-ல டைம்லைன் போட்டு எல்லாத்தையும் திரும்ப அடுக்கினேன்.

ஒன்பதாம் நாள் காலைல திறந்தா, மறுபடி கீ கேக்குது. ஃபோன் பண்ணினேன். "ஒரு கல்யாணத்துல இருக்கேன் ப்ரோ, அப்புறம் கூப்பிடுறேன்." ஆடியில எவன் வீட்டுல கல்யாணம்? சரி, வேற மதக்காரங்க கல்யாணமா இருக்கும்னு அதையும் நம்பினேன் பாருங்க. சாயங்காலம் வேற ஒரு கீ அனுப்பினான். அது மூணு நாள். அப்புறம்தான் தெரிஞ்சவர் ஒருத்தர் விளக்கினார்: ஒரு கீ ரெண்டு கம்ப்யூட்டர்லதான் ஓடும், மூணாவது ஆள் ஏத்தினா பழைய ஆளுங்க கழண்டு விழுவாங்க. ஒரே கீயை ஊர் பூரா வித்துக்கிட்டு இருக்கான். எவனோ ஒரு எடிட்டர் அங்க 14,500 கட்டுறான், இங்க நான் கழண்டு விழறேன். நான் கட்டினப்போ யார் விழுந்தாங்களோ.

முந்தாநாள் அவனே கூப்பிட்டான். "விண்டோஸ் பிரச்சினை ப்ரோ. சி ட்ரைவை ஃபார்மேட் பண்ணிட்டு வாங்க, கீ நிரந்தரமா நிக்கும். உங்க ஃபைல் எல்லாம் டி-ல தானே இருக்கு, பயப்படாதீங்க." பண்ணிட்டேன். எடியஸ்ல ப்ராஜெக்ட் ஃபைல் நாம சொன்ன ஃபோல்டர்ல கிடக்கும், அந்தப் பழக்கத்துல டி-யைப் பாத்துத் திருப்தியா இருந்துட்டேன். ரிசால்வ் அப்படி இல்ல. ப்ராஜெக்ட் எல்லாம் அதோட டேட்டாபேஸ்ல இருக்கும், நாம மாத்தலைன்னா அது சி-ல. நேத்து ராத்திரி திறந்தேன். ப்ராஜெக்ட் பட்டியல் காலி. கேமரா ஃபைல் எல்லாம் டி-ல பத்திரமா இருக்கு, வெட்டினது ஒண்ணுகூட இல்ல.

மெசேஜ் போட்டேன். வந்த பதில்: "எக்ஸ்போர்ட் எடுத்து வைக்கலயா சார்?"

சார்! அதுக்கப்புறம் அவன் படம் காணாமப் போச்சு, என்னை ப்ளாக் பண்ணிட்டான். குரூப் அட்மின்கிட்ட சொன்னா, "அது உங்க பர்சனல் டீலிங், குரூப் பொறுப்பு இல்ல"ன்னு ஒரு வரி. பத்து நிமிஷத்துல குரூப்ல இருந்தும் தூக்கிட்டாங்க. விளம்பரம் அங்கேயேதான் இருக்காம், நண்பர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். விலை இப்போ 12,500. என்கிட்ட 14,500.

பொண்ணோட அப்பா காலைல கூப்பிட்டார். "தம்பி, ஆடிக்கு வந்த புள்ள ஆவணி ஒண்ணாம் தேதி கிளம்புது. சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க, எப்பத் தருவீங்க?" மனுஷன் கோவமாப் பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மாறுறவங்களுக்கு வரிசையா விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன். முடியல, தோணுறதைச் சொல்லிடறேன். பில் இல்லாத கீயை எவன்கிட்டயும் வாங்காதீங்க, இலவசப் பதிப்புல உங்க கேமரா ஃபைல் ஓடுதான்னு முதல்ல பாருங்க, ஓடலைன்னா ஃபைலை வேற வகைக்கு மாத்திப் போட்டுக்கலாம். ஃபைலை உள்ளே இழுக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரேம் ரேட்டை 25 வைங்க. தினம் ராத்திரி ப்ராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வேற டிஸ்க்ல வைங்க. கார்டு 4 ஜிபின்னா 4கே ஆசையைக் குறைச்சுக்கோங்க. எடியஸை அழிக்காதீங்க. காசு போச்சுன்னா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, நான் இன்னைக்குத்தான் அடிச்சேன், லேட்டு. புகார் எண் கையில இருக்கு, 14,500 கையில இல்ல.

எடியஸை மறுபடி ஏத்திட்டேன். ஃபைலை எல்லாம் மாத்த விட்டிருக்கேன், நாப்பது சதவீதம் ஓடியிருக்கு. முகூர்த்தம் முதல்ல, ரிசப்ஷன் அப்புறம். அப்பத்தா மூக்குத்தி தெரியாது.