போஸ்ட்ஃபிக்ஸ், ஆறு வருஷத்துக்குப் பிறகு

எங்கள் அச்சகத்துக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுவி ஆறு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலைக்கூடத் தொலைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் கோபப்பட்டு எழுதப்போவது எதுவும் அதன் மேல் இல்லை.

ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டிவந்த மெயில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்களாம். அவன் ஆபீஸில் பதினாலு பேர். "உங்க அச்சகத்துக்கு நீயே சர்வர் வச்சிருக்கியே, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடேன்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் விளக்க முடியாததால் எழுதுகிறேன்.

எங்களுடையது வாடகைக்கு எடுத்த சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர். 2019 கடைசியில் டெபியன் லினக்ஸ் 10-இல் ஆரம்பித்து, அதே இடத்திலேயே 11, 12 என்று ஏறி இப்போது 13. மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் போட்டுப் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் காட்ட டவ்காட், போகிற மெயில் எங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட ஓப்பன்டிகிம். மொத்தம் பதினோரு மெயில்பாக்ஸ். நிறுவும் முறையை ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், அதைத் திரும்ப எழுதவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன், அதை மட்டும் சொல்கிறேன்.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் இருக்கும் மெயின்.சிஎஃப் கோப்பில் ஒரு வரி இடைவெளியோடு தொடங்கினால் அது மேல்வரியின் தொடர்ச்சி. ஒரு வரியைச் செயல்பட வைக்க, அதன் முன்னால் இருந்த ஹாஷ் குறியை அழித்தேன், அதற்குப் பின்னால் இருந்த இடைவெளியை விட்டுவிட்டேன். அந்த வரி மேலே இருந்த அமைப்போடு ஒட்டிக்கொண்டது. பிழை என்று எதுவும் கண்ணில் படவில்லை, வெளியிலிருந்து மெயில் மட்டும் வரவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. 'போஸ்ட்கான்ஃப் -என்' கட்டளை கொடுத்தால், கோப்பில் நாம் என்ன எழுதினோம் என்று நினைக்கிறோமோ அதைக் காட்டாமல், போஸ்ட்ஃபிக்ஸ் என்ன புரிந்துகொண்டது என்பதைக் காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இப்போது கோப்பில் எதைத் தொட்டாலும் முதல் வேலை அதுதான்.

அடுத்தது அளவு. போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு மெயிலுக்கு 10240000 பைட். பத்து எம்பி என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை டிசைன் 8 எம்பி பிடிஎஃப், திரும்பி வந்துவிட்டது. இணைப்பாகப் போகும் எந்தக் கோப்பும் மெயிலில் போவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது, 8 எம்பி பதினொன்றை எட்டிவிடும். அச்சக வேலைக்கு இந்த வரம்பை முதல் நாளே ஏற்றியிருக்க வேண்டும்.

இனி எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் மொழியில் 250 என்று ஒரு எண் உண்டு. ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணத்தின் காலத்திலிருந்தே இருக்கிறது. மெயிலை முழுக்க வாங்கிய பிறகு 250 சொன்னால், 'இனி இது என் பொறுப்பு, உரியவரிடம் சேர்ப்பேன், முடியாவிட்டால் உனக்குச் சொல்வேன்' என்று பொருள். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321 இதைத் தெளிவாகவே சொல்கிறது: வாங்கிய பிறகு சர்வர் விழுந்துவிட்டது என்பதுகூடத் தொலைப்பதற்குக் காரணம் ஆகாது.

போஸ்ட்ஃபிக்ஸ் இந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. மெயிலை டிஸ்க்கில் எழுதி, அது உண்மையிலேயே டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் 250 சொல்லும். வீட்ஸே வெனிமா ஐபிஎம் வாட்சன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த மென்பொருள் இது. பழைய மெயில் சர்வரான சென்ட்மெயிலைப் போல ஒரே பெரிய நிரலாக இல்லாமல், வாங்குவதற்கு ஒன்று, காத்திருக்கும் மெயில்களின் வரிசையான கியூவைப் பார்க்க ஒன்று, அனுப்ப ஒன்று என்று சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்களிடம் வாடிக்கையாக அச்சடிக்கும் ஒரு இடத்தின் சர்வர் படுத்துவிட்டது. லீவு முடிந்து நாலாம் நாள்தான் ஆள் வந்து எழுப்பினார்கள். அதுவரை எங்கள் கியூவில் நாற்பத்துமூன்று மெயில். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நிமிஷத்தில் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் 4000 விநாடிக்கு ஒருமுறை, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐந்து நாள் வரை இப்படிக் காத்திருக்கும். நாலாம் நாள் காலையில் சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக 'சென்ட்', 'சென்ட்' என்று வரி ஓடியது. நாற்பத்துமூன்றும் போய்ச் சேர்ந்தன. நான் ஒரு விரலையும் அசைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டுதான் நண்பனுக்கு வேண்டாம் என்கிறேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் 250-ஐ நம்ப முடியவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு கல்லூரி ஆண்டு மலருக்கு விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். அன்றைக்கே அனுப்பினோம். ஆறு நாள் கழித்து அந்தப் பேராசிரியை போன் செய்தார். "அண்ணே, கொட்டேஷன் அனுப்புறேன்னு சொன்னீங்களே, வரவே இல்லையே. வேற இடத்துல குடுத்துட்டோம்."

"அன்னைக்கே அனுப்பிட்டோமேம்மா."

"இன்பாக்ஸ்ல இல்லீங்களே."

லாக்கை எடுத்துப் பார்த்தேன். அனுப்பிய அடுத்த இரண்டாவது விநாடியில் அவர் மெயில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் சர்வர் 250 சொல்லி வாங்கியிருக்கிறது. ஸ்பாம் பெட்டியில் தேடச் சொன்னேன், அங்கே கிடந்தது. தலைப்புத் தகவல்களை எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்தேன்: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். அனுப்பியது நாங்கள்தானா என்று பார்க்கும் மூன்று சோதனைகள் இவை. நம் ஐபி முகவரியை வைத்துத் தேடினால் கிடைக்கும் பெயரும் (பின்னோக்கு டிஎன்எஸ்) நம் சர்வர் சொல்லும் பெயரும் ஒன்றேதான். எந்தத் தடைப்பட்டியலிலும் நம் ஐபி இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் தன் பயனர்களுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாளைக்கு அறுபது மெயில்கூட அனுப்பாத நாங்கள் அதற்கு முன்பிருந்தே மூன்றையும் வைத்திருக்கிறோம்.

பிடிக்கவில்லை என்றால் 550 சொல்லித் திருப்பி அனுப்பட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் உடனே எங்களுக்கு எழுதிவிடும், நாங்கள் போன் போட்டுச் சொல்லிவிடுவோம். சந்தேகம் என்றால் 450 சொல்லட்டும், காத்திருக்கிறோம். 250 சொல்லி வாங்கிக்கொண்டு, படிக்க வேண்டியவர் பார்க்காத இடத்தில் ஓசைப்படாமல் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெயில் பெட்டியைத்தானே எட்டியது, வாக்கு தவறவில்லை என்று அவர்கள் வாதாடலாம். ஆண்டு மலர் கைவிட்டுப் போனது எங்களுக்கு. அந்த நிறுவனத்தின் படிவத்தை மூன்று முறை நிரப்பி அனுப்பினேன், தானியங்கிப் பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் எதையும் மாற்றாமலேயே மெயில்கள் இன்பாக்ஸுக்குப் போக ஆரம்பித்தன. ஏன் போகவில்லை என்றும் சொல்லவில்லை, ஏன் போகிறது என்றும் சொல்லவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் இருக்கிறது. மெயில் உள்ளே வரும் வாசலான எங்கள் போர்ட் 25-ஐ அரை மணி நேரம் கவனித்தாலே தெரியும், வந்து முட்டுவதில் பெரும்பங்கு குப்பை. அவர்களுக்கு அது கோடிக்கணக்கில் வரும். வாடகை சர்வர்களின் ஐபி வரிசையில் பக்கத்து ஆள் ஸ்பாம் அனுப்பினால் சந்தேகம் நம்மேலும் விழும். எல்லாம் தெரியும். கோபம் மட்டும் குறையவில்லை.

டவ்காட் பற்றியும் ஒரு வார்த்தை. டெபியன் 13-இல் டவ்காட் 2.4 வருகிறது, பழைய கான்ஃபிக், அதாவது அமைப்புக் கோப்பு, அதில் ஓடாது. முதல் வரியிலேயே எந்தப் பதிப்புக்கான கான்ஃபிக் என்று எழுத வேண்டும். 'மெயில் லொகேஷன்' என்ற ஒரே வரி, டிரைவர், பாத் என இரண்டாகிவிட்டது. இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் சான்றிதழுக்கான அமைப்பின் பெயரே வேறு. சனிக்கிழமை ராத்திரி ஏற்றத்தை ஆரம்பித்தேன், டவ்காட் எழ மறுத்துவிட்டது. ஒவ்வொரு பிழையாகத் திருத்தி முடிக்க நாலு மணி நேரம். ஏறும் முன் கான்ஃபிக்கைத் தனியாக எழுதிச் சோதித்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் 2019-இல் எழுதியது அப்படியே ஓடுகிறது. அந்த நாலு மணி நேரமும் வந்த மெயில்களை, டவ்காட்டின் வாசல் திறக்கவில்லை என்று லாக்கில் எழுதிவைத்துவிட்டு, கியூவில் பத்திரமாக வைத்திருந்தது. டவ்காட் எழுந்ததும், கியூவை உடனே அனுப்பச் சொல்லும் 'போஸ்ட்கியூ -எஃப்' கொடுத்தேன், எல்லாம் பெட்டிக்குப் போயின.

நண்பனுக்கு வருகிறேன். ஏற்றிய கட்டணத்தையே கட்டு. வரித் தாக்கலுக்குக் கடைசி நாளில் நீ அனுப்பும் மெயில் கட்சிக்காரரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தால், உன் லாக்கில் 250 இருந்து யாருக்கு என்ன பயன்? சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்: வருகிற மெயிலை உன் சர்வர் வாங்கட்டும், போகிற மெயிலை மட்டும் 'ரிலேஹோஸ்ட்' அமைப்பில் நல்ல பெயருள்ள ஒரு அனுப்பும் சேவையைப் போட்டு அதன் வழியாக விடு. ஒரு வரி, கூடவே ஒரு பாஸ்வேர்ட் கோப்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்தே போட்டுவிடலாம்.

எங்கள் அச்சகத்துக்கு அந்த வரியை நான் இன்னும் போடவில்லை. போட மனம் வரவில்லை. விலைப்புள்ளி அனுப்பினால் பின்னாலேயே ஒரு போன் செய்துவிடுகிறோம்.