நூலகருக்குப் பயிற்சி: காசை எதில் போடலாம்?

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். இங்கே கிளை நூலகத்தில் படித்து வளர்ந்து, இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் பொங்கலுக்கு வந்தபோது வாசகர் வட்டத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார். புத்தகம் வாங்கக் கூடாது, பீரோ வாங்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "நூலகர் மேடத்துக்கு ஏதாவது நல்ல பயிற்சி கிடைக்குமான்னு பாருங்க, நாலு பேரு உள்ள வர்ற மாதிரி" என்றார். விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று மாதமாகப் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், உங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கும் பயன்படலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு நாள் மாலை, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் சீருடையோடு உள்ளே வந்தாள். இரும்பு ரேக்கின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாள். எல்லாப் புத்தகமும் முதுகைக் காட்டிக்கொண்டு நெருக்கி அடுக்கியிருந்தது. பாதிக்கு மேல் பைண்டிங் செய்தவை, முதுகில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. மேடம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி "என்ன புக்கு வேணும்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்தப் பெண் "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன வேண்டும் என்று தெரிந்தவளாக இருந்தால் அவளே எடுத்திருப்பாளே! "கடைசியா நீ படிச்சதுல எது பிடிச்சது?" என்று கேட்டிருந்தால் பேச்சு தொடங்கியிருக்கும். இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எந்தப் பயிற்சி கற்றுத்தருகிறது என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது நூலக அறிவியல் படிப்பு. சான்றிதழ் படிப்பு, பட்டப்படிப்பு, முதுகலை என்று படிப்படியாக இருக்கிறது. இந்தப் படிப்புக்கு நம் ஊரில் பெரிய பாரம்பரியம் உண்டு. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது, அடுத்த வருடமே இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார், 1931-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அந்த வகுப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்தப் படிப்பு தேவை, அதில் பேச்சே இல்லை. மேடம் தன் பாடப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் டியூவி பகுப்பு, கோலன் பகுப்பு, பட்டியல் தயாரிப்பு, நூலக மேலாண்மை, கணினி. நாலாயிரம் புத்தகத்தை ஒழுங்காக வைத்துத் தேடி எடுக்க அத்தனையும் வேண்டும். ஆனால் ரேக் முன்னால் தயங்கி நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது என்பதற்கு அந்தப் புத்தகங்களில் எனக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நூலக அறிவியலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடிப் பிடிக்கிற வேலை யாருடையது? நூலகருடையதுதானே. மேடம் இந்தப் படிப்பை ஏற்கெனவே முடித்துவிட்டார், ஆகவே நன்கொடைப் பணத்துக்கு இங்கே வேலை இல்லை.

அடுத்தது அரசு வழிப் பயிற்சிகள். பொது நூலகத் துறை நடத்தும் புத்தாக்கப் பயிற்சி ஒரு பக்கம். கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை கருத்தரங்கு, பயிலரங்குகளுக்கு உதவுகிறது. 2014-ல் தொடங்கிய தேசிய நூலக இயக்கத்தின் வேலைகளில் பணியாளர் திறன் வளர்ப்பும் ஒன்று. செலவில்லை, பணி நாளாகக் கணக்கில் வரும், மேலதிகாரி அனுமதி கேட்டு அலைய வேண்டாம். இவை பெரிய வசதிகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். மென்பொருளில் புத்தக விவரம் ஏற்றுவது, மின்நூல் தேடுவது மாதிரி விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் வாசகரிடம் பழகுவதை ஒரு நாளில், ஒரு அரங்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு அமைப்பு நடத்திய ஒரு நாள் பயிலரங்குக்கு வாசகர் வட்டம் சார்பில் நானும் போயிருந்தேன். நூறு பேருக்கு மேல் இருந்தோம். பத்து மணிக்கு வாழ்த்துரை தொடங்கியது, பன்னிரண்டு மணிக்குத்தான் பாடம். திரையில் எல்லாம் ஆங்கிலம். எனக்கு முன்வரிசையில் இருந்த ஊர்ப்புற நூலகர் ஒருவர் கடைசி வரை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார், ஒரு கேள்வி கேட்க அவருக்கு வாய்ப்பு வரவில்லை. மாலையில் சான்றிதழ், குழுப் படம், முடிந்தது. அந்த மனிதர் மறுநாள் தன் நூலகத்தில் எதை மாற்றியிருப்பார் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அப்புறம் இன்னொரு சிக்கல், பெரும்பாலான சின்ன நூலகங்களில் ஒரே ஆள்தான். "நான் போனா பூட்டிட்டுத்தான் போகணும் சார்" என்கிறார் மேடம். வாசகரை வரவழைப்பது எப்படி என்று படிக்கப் போன நாளில் வந்த வாசகர் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார். வெள்ளிக்கிழமையில் பயிற்சி வைத்தால் அவருக்கு இருக்கிற ஒரே வார விடுமுறையும் போகிறது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு விஷயம். பிரிட்டனில் ஓபனிங் தி புக் என்று ஒரு நிறுவனம், ரேச்சல் வான் ரீல் என்பவர் தொடங்கியது. பொது நூலகங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, உள் அமைப்பு வடிவமைப்பு எல்லாம் இவர்கள் வேலை. வாசகர் மேம்பாடு என்று அங்கே சொல்கிறார்களே, அந்தச் சிந்தனையைப் பரப்பியதில் இவர்களுக்கு முக்கியமான இடம் உண்டு. எது நல்ல புத்தகம் என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, படிக்கிறவருக்கு அந்த அனுபவம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அடிப்படை. விச்புக் என்று ஒரு இணையதளமும் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் பெயரோ தலைப்போ தெரிய வேண்டாம். மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமா சோகமாகவா, எளிதாகவா கடினமாகவா என்று அளவுகோலை நகர்த்தினால் புத்தகம் சொல்லும். எங்கள் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வேண்டியது இதுதான்!

அவர்களுடைய ஃபிரன்ட்லைன் என்ற இணையவழிப் பயிற்சி, கவுண்டரில் உட்காருகிற பணியாளருக்கானது. பாடத்தைப் படித்துவிட்டு அவரவர் நூலகத்திலேயே செய்து பார்க்க வேண்டும். பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதால் ஒரே ஆள் இருக்கிற இடத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். குறை என்னவென்றால், மொழி ஆங்கிலம், உதாரணங்கள் அவர்கள் நாட்டு நூலகம், அவர்கள் நாட்டுப் புத்தகம். நாளிதழ் மேசையைச் சுற்றி எட்டுப் பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பன்னிரண்டு இளைஞர்களும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நம் நூலகத்துக்கு அதில் பதில் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆலோசகரைக் கூப்பிடுவதெல்லாம் மாநில அளவில், புதுக் கட்டடம் கட்டும்போது யோசிக்க வேண்டியது. ஒரு கிளை நூலகம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் காசு கொடுக்காமலேயே ஒன்றை எடுத்துக்கொண்டோம். புத்தகத்தின் முகத்தைக் காட்டி வைப்பது. பாத்திரக் கடையில் தட்டு நிறுத்தும் ஸ்டாண்டு சில வாங்கினோம். வாசலைப் பார்த்த ரேக்கில் ஒரு தட்டைக் காலி செய்து, அட்டை நன்றாக இருக்கிற பதினோரு புத்தகங்களை நிறுத்தி வைத்தார் மேடம். சிறுகதை, சமையல், ஒரு பயண நூல், சிறுவர் கதைகள். எதை எடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று பென்சிலில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். இரண்டு வாரத்தில் ஏழு வெளியே போயிருந்தது, அதில் மூன்று நாலைந்து வருடமாக யாரும் தொடாதவை, தேதிச் சீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. இப்போது காலி இடத்தை நிரப்புவதே மேடத்துக்குக் காலையில் முதல் வேலை.

பராக் பற்றியும் சொல்ல வேண்டும். டாடா டிரஸ்ட்ஸின் இந்தச் சிறுவர் இலக்கிய முயற்சி, நூலகக் கல்வியாளர்களுக்கென்றே ஒரு படிப்பு நடத்துகிறது. மாதக்கணக்கில் போகும், கொஞ்சம் நேரடி வகுப்பு, மீதி வீட்டிலிருந்து வாசிப்பும் களவேலையும். கோவாவில் 2005 முதல் இயங்கும் புக்வர்ம் நூலகத்தினர் இதில் பங்கெடுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு உரக்க வாசிப்பது, வாசித்ததைப் பற்றிப் பேச வைப்பது, எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது எல்லாவற்றையும் ஆழமாகச் சொல்லித்தருகிற படிப்பு. நான் பார்த்தவற்றிலேயே உள்ளடக்கத்தில் இதுதான் சிறந்தது. பள்ளி நூலகமோ குழந்தைகள் பிரிவோ பார்ப்பவர், ஆங்கிலத்திலோ இந்தியிலோ தடையில்லாமல் படித்து எழுதக்கூடியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்ணப்பியுங்கள். எங்கள் மேடத்துக்கு இரண்டு விஷயம் இடிக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவது அவருக்குச் சிரமம், அதோடு நேரடி வகுப்புக்காகத் தொடர்ந்து பல நாள் விடுப்பும் கிடைக்காது. இதே தரத்தில் தமிழில் ஒரு படிப்பு வந்தால் முதல் ஆளாக நான் நன்கொடை திரட்டுவேன்.

சென்னையிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய இனெலி இந்தியா என்ற பயிற்சித் திட்டம். பல மாநிலங்களிலிருந்து பொது நூலகர்களைத் தேர்ந்தெடுத்து, இணையவழிப் பாடம், சந்திப்பு, ஒருவருக்கொருவர் தொடர்பு என்று வளர்த்தார்கள். அப்புறம் 2018-ல் கேட்ஸ் அறக்கட்டளை உலக நூலகத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. இன்று ஒருவரை அனுப்பலாம் என்றால் அனுப்ப இடமில்லை. நன்கொடையாளரை நம்பி நடக்கும் பயிற்சியில் சேரும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பயிற்சி நின்றாலும் சேர்ந்து படித்தவர்களின் தொடர்பு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பட்டியலிலேயே இல்லாத ஒன்று. இன்னொரு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பது. இதைச் சொன்னதும் வட்டத்தில் சிலர் "இது என்ன பயிற்சி, சுற்றுலா மாதிரி" என்றார்கள். ரங்கநாதன் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்கவில்லை, மறுபடி கல்லூரிக்கே போய்விடலாம் என்று நினைத்தார். லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே யுனிவர்சிட்டி காலேஜில் வகுப்பு இருந்தது, ஆனால் அவரை மாற்றியது கிராய்டன் பொது நூலகத்தில் வேலை பழகியதும் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்ததும்தான். குழந்தைகளும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் நூலகத்துக்குள் வந்துபோவதைக் கண்ணால் கண்டபிறகுதான் அவர் ரங்கநாதன் ஆனார்.

நமக்கு லண்டன் வேண்டாம், பக்கத்தில் கேரளம் இருக்கிறது. பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், அதாவது நூலக இயக்கம், அங்கே ஊர் ஊராக வேர்விட்டது. நம்முடைய கிளை நூலகங்கள் துறையின் கீழ் இருப்பவை. அங்கே கிராம நூலகத்தை ஊர்க்காரர்களின் குழுவே நடத்துகிறது, மாநில நூலகக் கவுன்சில் தரம் பிரித்து மானியம் தருகிறது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுக்கிறார்கள். நம்மிடமும் நூலக நண்பர்கள் திட்டம் வந்திருக்கிறது. தன்னார்வலர்கள் பை நிறையப் புத்தகத்தோடு நூலகத்துக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போகிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருமே கல்லூரி முடித்த பெண்கள். கதவைத் தட்டிவிட்டு என்ன பேசுவது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வருடமாக அதே வேலையைச் செய்கிற ஒருவரோடு ஒரு மாலை நாலு வீடு ஏறி இறங்கினால் வந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. மேடத்துக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை, நம் மாவட்டத்துக் கிளை நூலகங்களுக்கும் அன்றுதான் விடுமுறை. பூட்டின நூலகத்தைப் போய்ப் பார்த்து என்ன பயன்? விசாரித்ததில் புனலூர்ப் பக்கம் ஒரு கிராம நூலகம் வெள்ளி மாலையும் திறந்திருக்கும் என்று தெரிந்தது. செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் போதும், மலையாளமும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை.

ஆகவே எங்கள் முடிவு இது. துறைப் பயிற்சி வரும்போது மேடம் போகட்டும், அதற்கு நம் பணம் வேண்டாம். ஆங்கிலப் பயிற்சியில் இப்போது சேர்க்கவில்லை. கிடைத்த தொகையில் மூன்று வெள்ளிக்கிழமை கேரளப் பயணம், அட்டை கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை, இன்னும் எட்டு ஸ்டாண்டு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரே ஒரு மாற்றத்தை நூலகத்தில் செய்து பார்த்துவிட்டு, அது நடந்ததா இல்லையா என்று வட்டக் கூட்டத்தில் பேசுவோம். மேடத்துக்குப் போகிற விடுமுறை நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டோம். "அதை விடுங்க சார், அந்த ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போலாமா?" என்றார். வேனுக்குச் சொல்லியாயிற்று.