ஊருக்குத் தெரியும் சோர்வும் யாருக்கும் தெரியாத சோர்வும்

"மனசு சரியில்லை" என்று மதுரைப் பக்கத்தில் நேராகச் சொல்பவர்கள் குறைவு. உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு என்றுதான் டாக்டரிடமோ கோடாங்கியிடமோ போய் நிற்கிறார்கள். அந்த வலிக்குப் பின்னால் மனச்சோர்வு இருந்தால், அது எந்த வகை என்பதையும் பார்த்தாக வேண்டும்.

தீவிர மனச்சோர்வு எளிதில் கண்ணில் பட்டுவிடும். ஆறாத துக்கம், எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருந்து, அவற்றோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், குற்ற உணர்வு, சாவு பற்றிய நினைவு என மொத்தம் 9 அறிகுறிகளில் குறைந்தது 5 அறிகுறிகள் 2 வாரம் நீடித்தால் இந்தப் பெயர் பொருந்தும். விடியுமுன் வயலுக்குப் போகும் மேலூர் விவசாயி, நடவு நேரத்தில், கொடுத்த காபி ஆறிப்போவதும் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் வீடே பதறிவிடும்.

டிஸ்தைமியா என்னும் நாட்பட்ட சோர்வைக் கண்டு யாரும் பதறுவதில்லை. அறிகுறிகள் குறைவு, ஆனால் பெரியவர்களுக்கு 2 ஆண்டுகளேனும் விடாமல் தொடர்வது. மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லியைத் தொடுக்கும் பெண்ணின் விரல்கள் ஓயமாட்டா, முழமும் குறையாது. அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. "அவ சுபாவமே அப்படித்தான்" என்று சொல்லிவிடுவதால், சிகிச்சைக்கு வராமலே போகும் இந்த வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இதன் மேலேயே தீவிர மனச்சோர்வும் வந்து சேரலாம்.

மெலன்கோலியா வகையில் விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும், காலையில்தான் துயரம் அதிகம், நல்ல செய்தியும் மனதைத் தொடாது. ஏடிபிக்கல் வகையிலோ நல்லது நடந்தால் முகம் மலரும், ஆனால் தூக்கமும் பசியும் கூடி, கைகால் ஈயமாய்க் கனக்கும்.

கடுமை என்பது வகையிலிருந்து வேறானது. மனச்சோர்வின் கடுமையை அளக்கும், 27 புள்ளிகள் கொண்ட பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 10ஐத் தொட்டால் மிதமானது, 20ஐத் தொட்டால் மிகக் கடுமையானது. சாகும் எண்ணம் வந்துவிட்டால் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது; அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

சோர்வும் அளவுமீறிய பரபரப்பும் வெவ்வேறு காலங்களில் வரும் பைபோலார் நோயில் காணும் சோர்வைத்தான் மற்றவற்றிலிருந்து பிரிப்பது கடினம், ஏனென்றால் இன்றைய அறிகுறிகள் எல்லாம் ஒன்றேபோல் இருக்கும். அதனால்தான் டாக்டர் பழைய கதையைக் கேட்கிறார். "போன சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் கண்ணே மூடலை, களைப்பும் இல்லை, கடன் வாங்கி ஊருக்கே நீர்மோர் ஊத்தினார்" என்று வீட்டார் பக்தியாக நினைத்துச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் மருந்துச் சீட்டே மாறக்கூடும். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அந்தப் பரபரப்பு மீண்டும் கிளம்பும் அபாயம் இருக்கிறது.