நிழல் ஜன்னலுக்குப் பூந்தொட்டி செட்: ரூ. 2,850 தண்டம்

இந்த செட்டை வித்த நர்சரிக்காரங்ககிட்டேர்ந்து நேத்து ராத்திரிதான் கடைசி பதில் வந்துச்சு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

மொபைல்ல விளம்பரம் போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற ஒரு நர்சரி. "நிழல் ஜன்னல் செட்", ரூ. 2,850. ரெண்டடி நீளத் தொட்டி ரெண்டு, நிழல்ல பூக்கிற இம்பேஷன்ஸ் நாத்து ஆறு, கோகோபீட் (மண்ணுக்குப் பதிலா போடுற தேங்காய் நார்த்தூள்), மாட்டுறதுக்கு இரும்பு ஸ்டாண்டு. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல வாடகை வீட்டுல இருக்கிற தங்கச்சிக்காக வாங்குனது. அவளுக்கு இதுதான் முதல் செடி.

பணம் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டேன். வடக்குப் பார்த்த ஜன்னல், நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், பூக்குமா? போர் தண்ணி உப்பு, காவிரித் தண்ணியைக் குடத்துலதான் பிடிச்சு வைக்கணும், தாங்குமா? தொட்டிக்கு அடியில ஓட்டை உண்டா? அடுத்த நிமிஷம் வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நிழலுக்குன்னே வளர்த்த நாத்துக்கா இது. ராமேஸ்வரம் வரைக்கும் அனுப்பிருக்கோம். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்." அந்தக் கொரலுக்குத்தான் ஜிபேயில ரூ. 2,850 போச்சு. ஓட்டையைப் பத்தி அவர் வாயே திறக்கலை. அப்பவே உறைச்சிருக்கணும்.

வந்த பொருளைச் சொல்றேன். நாத்துல "இம்பேஷன்ஸ்"னு லேபிள் ஒட்டியிருக்கு. இலையைத் தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, மெல்லிசா முடி. இம்பேஷன்ஸ் இலை வழவழன்னு இருக்கும், தண்டு நீர் கோத்த மாதிரி சதைப்பிடிப்பா இருக்கும். இது பெட்டூனியா. அதுக்கு அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும். நிழல்ல வச்சா கொடி மாதிரி நீண்டு சாயுமே தவிர பூ வராது.

கோகோபீட் 650 கிராம் கட்டி ரெண்டு. ஒரு கட்டி ஊறினா எட்டு, ஒம்பது லிட்டர். தொட்டி ஒண்ணுக்கே 20 லிட்டருக்கு மேல பிடிக்கும். அதாவது பாதித் தொட்டிகூட ரொம்பாது. அதுவும் கழுவாத சரக்கு. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல 280 காட்டுன காவிரித் தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு, அந்தத் தண்ணியில மீட்டரை முக்கினா 2,100! மட்டையில இருக்கிற உப்பு அப்படியே கிடக்கு. இதுல நட்டா இலை ஓரம் காபிப்பொடி நிறத்துல கருகும். புதுசா வளர்க்கிறவங்க தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க. அடியில ஓட்டைக்கு வட்டம் மட்டும் அச்சடிச்சிருக்கு, துளை இல்லை. ஊத்துன தண்ணி அங்கேயே நின்னு வேர் அழுகிடும். ஸ்டாண்டு வெறும் பெயின்ட் அடிச்ச இரும்பு. ஈரத்தோட ஒரு தொட்டி 15 கிலோ வரும். உப்புக்காத்துல ஸ்குரூ ஓட்டையிலதான் முதல்ல துரு ஏறும், கீழே ஆள் நடக்கிற சந்து.

வந்த அன்னைக்கே போட்டோ அனுப்பிட்டேன். "செடி புது இடத்துக்குப் பழகணும்கா, பத்து நாள் பொறுங்க"ன்னாங்க. நல்லவிதமாத்தானே சொல்றாங்கன்னு பொறுத்தேன். எட்டாம் நாள் ஒரு செடி சாஞ்சதும் கேட்டா, "ரிட்டன் ஏழு நாள்தான்கா." அப்புறம் பார்சல் பிரிச்ச வீடியோ கேட்டாங்க. அதையும் அனுப்பினேன். "வீடியோவுல லேபிள் தெளிவா இல்லை." அப்புறம் "தண்ணி அதிகமாயிடுச்சு, உங்க தப்பு." நேத்து ராத்திரி: "அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி." ரூ. 2,850 போனவளுக்கு அடுத்த ஆர்டராம்!

வாங்குறவங்களுக்கு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமையில்லை. "பழகட்டும், பொறுங்க"ன்னா அன்னைக்கே ரிட்டன் போடுங்க. கோகோபீட்டை மூணு தண்ணி மாத்திப் பிழியுங்க, மீட்டர் 500க்குக் கீழ வந்தாத்தான் நடணும். நிழலுக்கு பிகோனியா, டோரினியா, நிஜ இம்பேஷன்ஸ். நடுறது ஐப்பசி மழை விழுந்தப்புறம். வடக்கு ஜன்னல்னா வருஷம் பூரா நிழல்னு நம்பாதீங்க, எதிர்ல சுவர் இல்லாட்டி நம்ம பக்கம் சித்திரையிலேர்ந்து ஆவணி வரைக்கும் வெயில் உள்ளே வரும். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்னைக்குக் காலையில புகார் பதிஞ்சுட்டேன்.