வீட்டிலேயே கல்லீரல் நோய் மதிப்பீடு: 18,500 ரூபாய் போனது, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் வீட்டுக்கே வந்து மருத்துவப் பரிசோதனை செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலி நிறுவனத்திடம் என் அக்காவுக்காக 18,500 ரூபாய் முன்பணமாகக் கட்டினோம். கிடைத்தது எந்த மருத்துவரும் ஏற்காத ஓர் அறிக்கை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

அக்காவுக்குக் கண்கள் மஞ்சளாகி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவான எஸ்ஜிபிடி 600-ஐத் தாண்டியிருந்தது. ஹெபடைட்டிஸ் வைரஸ் சோதனைகள் அனைத்தும் நெகடிவ் என்று வந்ததும், உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸாக இருக்கலாம் என்று சொன்ன குடும்ப மருத்துவர், கல்லீரல் நிபுணரைப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி ஏற முடியாத அளவுக்கு அக்காவுக்கு அசதி. அப்போதுதான் "கல்லீரல் நிபுணர் உங்கள் வீட்டுக்கே வருவார், முழு மதிப்பீடு, பயாப்சி தேவையில்லை" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. பயாப்சி என்றால் கல்லீரலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது.

தொலைபேசியில் பேசிய பெண் ஏ.என்.ஏ., ஸ்மூத் மசில் ஆன்டிபாடி, ஐஜிஜி என்று, இந்த நோய்க்காகக் குடும்ப மருத்துவர் சொன்ன ரத்தச் சோதனைகளையே வரிசையாகச் சொன்னார். "எங்க பெரியம்மாவுக்கும் இதே பிரச்சினைதான் சார், நீங்க அவங்கள எங்கேயும் அலைய விடாதீங்க" என்று அவர் சொன்ன குரலில் அவ்வளவு பரிவு இருந்தது. பேச்சு முடிவதற்குள் ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்தவர் நிபுணர் அல்லர். ரத்தம் எடுக்கும் பையன் ஒருவன், கையில் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் சிறிய ஸ்கேன் கருவி. மருத்துவர் வீடியோவில் வருவார் என்றான். அக்கா அப்போதுதான் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தாள். அதைச் சொன்னபோது "பரவாயில்லக்கா, படுங்க" என்று சொல்லி, சட்டினி மணம் போகாத அந்த அறையிலேயே கருவியை விலாவில் வைத்து அழுத்தினான். திரையில் 14 கிலோபாஸ்கல். வீடியோவில் வந்தவர் அக்காவின் கண்ணைக்கூடக் காட்டச் சொல்லாமல் "ரிப்போர்ட் வரட்டும்" என்று வைத்துவிட்டார்.

அறிக்கையில் ஏ.என்.ஏ. மட்டும்தான் இருந்தது. ஐஜிஜி இல்லை, ஸ்மூத் மசில் ஆன்டிபாடி இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. கடைசி வரியில் மட்டும் தடித்த எழுத்தில் "சிரோசிஸ்", அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை. அன்று மாலையே அதே பரிவான குரல் அழைத்து, கல்லீரலைச் சீராக்கும் ஆறு மாதத் திட்டம் 42,000 ரூபாய் என்றது. அக்கா அந்த இரவு முழுவதும் அழுதாள்.

பிறகு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி உண்மையான நிபுணரிடம் காட்டினோம். அந்த ஸ்கேனுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும் என்றும், கல்லீரல் இவ்வளவு வீங்கி அழன்றிருக்கும்போது அந்த எண் எப்படியும் கூடித்தான் காட்டும், அதை வைத்து சிரோசிஸ் என்று எழுதக் கூடாது என்றும் அவர் விளக்கினார். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸைக் கண்டறிய 2008-இல் வந்த எளிய மதிப்பெண் முறையில், ஏ.என்.ஏ. போன்ற ஆன்டிபாடி, ஐஜிஜி, வைரஸ் இன்மை மூன்றிலும் முழுப் புள்ளி பெற்றாலும் ஆறுதான் வரும். உறுதியாகச் சொல்ல ஏழு வேண்டும், அந்த ஏழாவது பயாப்சியில்தான் கிடைக்கும். அப்படியென்றால் "பயாப்சி தேவையில்லை, முழு மதிப்பீடு" என்று எதை விற்றார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். அடுத்து, வீடியோவில் வருவதும் வருகைதான் என்றார்கள். மேலாளர் என்று ஒருவர் பேசி, 18,500 ரூபாய்க்குப் பதிலாக 2,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார், அதுவும் அவர்களிடமே இன்னொரு பரிசோதனை செய்துகொள்ள! இப்போது என் எண்ணை எடுப்பதே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். அக்காவுக்கு நாளை பயாப்சி, நேரமில்லை. பணம் கட்டும் முன் சோதனைகளின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி அதைக் காட்டியே ஆக வேண்டும். ரத்தம் வீட்டில் எடுக்கலாம், தவறில்லை. நோயின் பெயரை வீட்டில் முடிவு செய்ய விடாதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் செய்து எண் வாங்கிவிட்டேன், 18,500 ரூபாய் இன்னும் வரவில்லை.